எந்தத் தேதி செல்லும்? தூத்துக்குடி – கொழும்பு சரக்கு வணிகத்தில் கற்றவை

2023 டிசம்பர் 7, வியாழக்கிழமை. நாசிக்கிலிருந்து எனக்குப் புறப்பட்ட இரண்டு லாரி பல்லாரி வெங்காயத்தில் ஒன்று பிற்பகலிலேயே தூத்துக்குடிக் கிடங்குக்கு வந்துவிட்டது. மற்றொன்று கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் பின்சக்கரத்தில் பேரிங் போய், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்பது மணி நேரம் நின்றது. வந்த லாரியின் சரக்கைக் கொட்டித் தரம் பிரித்து, சிவப்பு வலைப்பைகளில் மாற்றி, ரீஃபர் என்ற குளிர்பதனக் கொள்கலனில் அடுக்கி, மாலை ஆறரை மணிக்குள் சரக்குப் பெட்டக நிலையத்துக்குள் அனுப்பிச் சுங்கத்தின் கணினியில் பதிவும் செய்து முடித்தோம். இரவு பத்து மணிக்கு மேல் சுங்க வேலைகளைப் பார்க்கும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் அழைத்தார்: "அண்ணாச்சி, வெங்காயத்துக்குத் தடை போட்டுட்டாங்க. நாளையிலிருந்து அமல்." இரண்டாவது லாரி கிடங்கு வாசலில் வந்து நின்றபோது மணி அதிகாலை இரண்டரை.

டி.ஜி.எஃப்.டி. எனப்படும் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் அந்த அறிவிக்கையை அன்று இரவே நான்கு முறை படித்தேன். அறிவிக்கைக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கு போகலாம். ஷிப்பிங் பில் எனும் ஏற்றுமதிப் படிவம் சுங்கத்தில் தாக்கலாகி, கப்பலும் துறைமுகத்துக்கு வந்து அதற்கு வருகை எண் ஒதுக்கப்பட்டிருந்தால் போகலாம். சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டு அவர்களுடைய கணினியில் பதிவான சரக்கும் போகலாம். மூன்றாவது விலக்கின் கீழ் என் முதல் கொள்கலன் தப்பியது. ஒரே கொழும்பு வியாபாரிக்கு, ஒரே ஒப்பந்தத்தில், ஒரே நாளில் நாசிக்கில் ஏற்றிய சரக்குதான் இரண்டும். பாதிச் சரக்கு கொழும்பின் மொத்தச் சந்தையான புறக்கோட்டைக்குப் போயிற்று. மீதிப் பாதி உள்ளூர்ச் சரக்காகிவிட்டது. தடை வந்த சில நாட்களில் நாசிக் சந்தைகளிலேயே விலை சரிந்ததால், கிலோவுக்குப் பதினோரு ரூபாய் நட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டேன். தள்ளாமல் மிச்சமிருந்த இருநூறு மூட்டைகளை டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய அந்தப் பெருமழை கொண்டு போயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது; எங்கள் கிடங்கில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மழையின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு பேரிங்குக்கும் ஓர் அறிவிக்கைக்கும் இடையிலிருந்த எட்டு மணி நேரத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

இந்த வணிகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விலையைத்தான். கொழும்பில் என்ன விலை போகிறது, எவ்வளவு நிற்கும் என்று கேட்பார்கள். பதினான்கு ஆண்டுகளாகக் கொழும்புக்கு வற்றலும் வெங்காயமும் அனுப்பியும், அங்கிருந்து மிளகு வாங்கியும் நான் அடைந்த இலாப நட்டங்களைப் பிரித்துப் பார்த்தால், விலையால் வந்தது குறைவு. தேதியால் வந்ததே அதிகம். ஒப்பந்தத் தேதி, ஷிப்பிங் பில் தேதி, சுங்கம் ஏற்றுமதிக்கு அனுமதி அளித்த தேதி, கப்பல் நிறுவனம் சரக்கைப் பெற்றுக்கொண்டு தரும் பில் ஆஃப் லேடிங் ரசீதின் தேதி, அங்கே இறக்குமதிப் படிவம் தாக்கலான தேதி, பணம் மாற்றப்பட்ட தேதி என ஒரே சரக்குக்கு ஆறேழு தேதிகள் இருக்கின்றன. வரியோ தடையோ நாணய மதிப்போ மாறும்போது இவற்றில் எது செல்லும் என்பதை அந்தந்தச் சட்டம்தான் சொல்கிறது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலுக்கு ஓர் இரவுப் பயணம்தான். பயணம் இவ்வளவு குறுகியது என்பதாலேயே பலர் தேதியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் முதல் அடி 2020 செப்டம்பரில் விழுந்தது. அந்த மாதம் 14ஆம் தேதி எல்லா வகை வெங்காயத்துக்கும் உடனடித் தடை வந்தது. அப்போது என் கையில் ஒப்பந்தம் இருந்தது, முன்பணமும் இருந்தது. இந்திய வெளிநாட்டு வணிகக் கொள்கையில் 1.05 என்று ஒரு பத்தி இருக்கிறது. திடீரென ஒரு பொருளுக்குக் கட்டுப்பாடு வந்தால், அதற்கு முன்பே திறக்கப்பட்ட திரும்பப் பெற முடியாத எல்.சி.யின் (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) கீழ் வரும் சரக்குக்கு அந்தப் பத்தி பாதுகாப்பு தருகிறது. அந்த எல்.சி.யைக் கட்டுப்பாடு வந்த 15 நாட்களுக்குள் டி.ஜி.எஃப்.டி.யிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. நான் அந்தப் பத்தியை நம்பியிருந்தேன். ஆனால் அன்றைய அறிவிக்கையிலேயே, இந்த இடைக்கால ஏற்பாடு இதற்குப் பொருந்தாது என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியில் என் பாதுகாப்பு முழுவதும் போயிற்று. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடங்கள் இரண்டு. மற்றப் பொருள்களுக்கு எல்.சி.யும் 15 நாள் பதிவும் உண்மையான கவசங்களே; எல்.சி. செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் அந்தச் செலவில் ஒரு பகுதியைக் காப்பீடாகக் கருதலாம். வெங்காயம் போன்ற அரசியல் பொருளுக்கு எந்தக் காகிதக் கவசமும் போதாது. அங்கே ஒரே பாதுகாப்பு வேகம்தான். சரக்கு கையில் வந்த நாளே சுங்கத்தின் எல்லைக்குள் போய்விட வேண்டும். 2023இல் இது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனாலும் இரண்டு கொள்கலனுக்கும் ஒரே லாரி உரிமையாளரின் பழைய வண்டிகளை அமர்த்தினேன், வாடகையில் நான்காயிரம் மிச்சமாகும் என்று.

அக்கரையிலும் இதே கதைதான், பெயர் மட்டும் வேறு. இலங்கையில் வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, செத்தல் மிளகாய் போன்ற பொருள்களுக்கு 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற வரி விதிக்கப்பட்டு வந்தது. (நாம் வற்றல் என்பதை அவர்கள் செத்தல் என்பார்கள், முதல் ஒப்பந்தத்தில் நான் "வத்தல்" என்று சொன்னதை வேறு ஏதோ வறுத்த பண்டம் என்று நினைத்துக்கொண்டாராம் ஒரு கணக்கப்பிள்ளை.) அந்த வீதத்தை வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் மூலம் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். தம்புள்ளைப் பக்கம் பெரிய வெங்காயம் அறுவடைக்கு வரும் காலத்தில் உள்ளூர் விவசாயியைக் காக்க வீதம் ஏறும். விலைவாசி கூடிப் பொதுமக்கள் முணுமுணுக்கத் தொடங்கினால் இறங்கும். அவர்கள் செய்வதில் தவறு காண எனக்கு உரிமையில்லை. நம் அரசு நம் இல்லத்தரசிக்காகத் தடை போடுகிறது, அவர்கள் அரசு அவர்களுடைய விவசாயிக்காக வரி போடுகிறது. நடுவில் கடலில் மிதக்கும் கொள்கலன் யாருடையது என்பதுதான் நம் கேள்வி.

ஒருமுறை என் கொள்கலன் இரவில் புறப்பட்டது; மறுநாள் விடிந்தபோது வீதம் கூடியிருந்தது. வியாபாரி அழைத்து, "அண்ணன், வரி ஏறிப்போச்சு. நீங்கள்தான் விலையில பார்த்துச் செய்ய வேணும்" என்றார். சரக்கு பழைய வீதத்தில் புறப்பட்டதே என்று வாதாடினேன். அங்கே செல்லுபடியாவது நம் பில் ஆஃப் லேடிங் தேதி அல்ல, அவர் இறக்குமதிப் படிவம் தாக்கல் செய்யும் நாள் என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. துறைமுகத்தில் அவருக்காகச் சுங்க வேலை பார்க்கும் வார்ஃப் கிளார்க் முந்திய நாளே படிவத்தைத் தயாராக வைத்திருந்தார்; ஆனால் நான் அனுப்ப வேண்டிய தாவர நலச் சான்றிதழின் (சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்ற சான்று) நகல் மின்னஞ்சலில் போகாமல் என் கணினியிலேயே கிடந்தது. தப்பு என்னுடையது. ஏறிய வரியில் பாதியை விலையில் விட்டுக்கொடுத்தேன். அன்றிலிருந்து என் ஒப்பந்தப் படிவத்தில் ஒரு வரி நிரந்தரமாகிவிட்டது: ஏற்றுமதி நாட்டில் விதிக்கப்படும் புதிய தீர்வை விற்பவரையும், இறக்குமதி நாட்டில் விதிக்கப்படும் புதிய தீர்வை வாங்குபவரையும் சேரும், ஒருவர் ஆவணம் தாமதித்து அதனால் மற்றவர் கூடுதல் தீர்வை கட்ட நேர்ந்தால், தாமதித்தவரே அதை ஏற்க வேண்டும். இந்த வரியைப் பார்த்து முகம் சுளித்த வியாபாரிகள் இரண்டு பேர். அவர்களோடு வணிகம் தொடரவில்லை. நட்டம் எதுவும் இல்லை.

மிளகு வேறு வகைச் சரக்கு. அது அழுகாது, ஆகவே அவசரமில்லை என்று நினைத்துத்தான் அதில் இறங்கினேன். இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28 அன்று தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை இலங்கை மிளகு தீர்வையின்றி இந்தியாவுக்குள் வரலாம். மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகு கனமானது, காரம் கூடியது. சாறு எடுக்கும் ஆலைகள் அதைத் தேடி வாங்கும். மாத்தளையில் ஒரு சேகரிப்பு நிலையத்தில் முதன்முதலாக மிளகு வாங்கிய காலை இன்றும் கண்ணில் நிற்கிறது. அங்கிருந்த பெரியவர் ஒரு லிட்டர் பித்தளைப் படியில் மிளகைச் சற்று உயரத்திலிருந்து ஒரே சீராகப் பொழிந்தார். படியைத் தட்டவோ அமுக்கவோ இல்லை. மேல் விளிம்பை ஒரு மரச்சட்டத்தால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டுத் தராசில் வைத்தார். 560 கிராம் காட்டியது. பிறகு என்னிடம் கொடுத்து, நீங்களும் அளந்து பாருங்கள் என்றார். நான் அளந்தபோது 585. கை நடுங்கிப் படியைத் தெரியாமல் ஆட்டிவிட்டேன், மிளகு இறுகிவிட்டது. "இந்த இருபத்தஞ்சு கிராம்லதான் தம்பி சண்டையெல்லாம் வருது" என்றார் அவர். அன்றிலிருந்து லிட்டர் எடை என்று ஒப்பந்தத்தில் எழுதும்போது, எந்த முறையில், யார் முன்னிலையில், எத்தனை மாதிரியின் சராசரி என்றும் சேர்த்தே எழுதுகிறேன். ஈரப்பதத்துக்கும் இதே விதிதான்.

தரத்தை இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கிய என்னை அலைக்கழித்தது மிளகு அல்ல, அதன் பிறப்புச் சான்று, அதாவது அது எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ். வியட்நாம் மிளகு இலங்கை வழியாகச் சலுகைத் தீர்வையில் இந்தியாவுக்குள் நுழைகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவந்தார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது என்றே நானும் கருதுகிறேன். இந்திய அரசு 2017 டிசம்பரில் மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழான விலையில் இறக்குமதியே கூடாது என்றாக்கியது. பிறகு 2020 செப்டம்பர் 21 முதல் வந்த தோற்ற விதிகள், சலுகைத் தீர்வை கேட்கும் இறக்குமதியாளரே சரக்கின் தோற்றத்துக்குப் பொறுப்பு என்று ஆக்கின. அதுவரை இலங்கை வர்த்தகத் திணைக்களம் தரும் தோற்றச் சான்றிதழைக் காட்டினால் போதும். இப்போது முதலாம் படிவம் என்ற ஒன்றில் சரக்கு எப்படி, எங்கே விளைந்தது, எந்த விதியின்படி தகுதி பெறுகிறது என்ற விவரங்களை இறக்குமதிக்கு முன்பே கையில் வைத்திருந்து, ஐந்தாண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும்.

அந்த விதிகளின் கீழ் வந்த என் இரண்டாவது சரக்கு நிறுத்தப்பட்டது. மிளகு மாத்தளை மிளகுதான். அதில் எனக்கோ வேறு யாருக்குமோ ஐயமில்லை. ஆனால் சான்றிதழ் வாங்கிய பிறகு எடையில் இரண்டு மூட்டை குறைந்ததால், விற்றவர் பழைய இன்வாய்ஸை ரத்து செய்து, மூன்று நாள் கழித்த தேதியில் புதிய எண்ணோடு ஒன்று எழுதிவிட்டார். சான்றிதழில் பழைய இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் இருந்தன. என் கையில் இருந்ததோ புதியது. காகிதத்தைப் பார்க்கிற அதிகாரிக்கு அது வேறொரு சரக்கின் சான்றிதழ். நான் அவர் நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். உறுதிப் பத்திரமும் வங்கி உத்தரவாதமும் கொடுத்துத் தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை எடுத்தேன். வங்கி உத்தரவாதம் விடுபட ஏழு மாதமாயிற்று. அந்த ஏழு மாதமும் முடங்கிய பணத்துக்கான வட்டி, சலுகைத் தீர்வையால் கிடைத்த இலாபத்தில் பெரும்பகுதியைத் தின்றது.

இப்போது நான் செய்வது இதுதான். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதன் வரைவை விற்பவர் எனக்கு அனுப்ப வேண்டும். பெயர், முகவரி, எடை, மூட்டை எண்ணிக்கை, சுங்க வகைப்பாட்டு எண், இன்வாய்ஸ் எண், தேதி என ஒவ்வொன்றையும் என் மகளும் நானும் தனித்தனியாகப் படித்து டிக் போடுவோம். ஒருவரே இரண்டு முறை படிப்பதில் பயனில்லை. முதல் முறை விட்ட கண் இரண்டாம் முறையும் விடும். விவசாயிகளிடம் வாங்கிய ரசீதுகள், சேகரிப்பு நிலையத்துப் படங்கள், காயவைத்த களத்தின் தேதியிட்ட படங்கள் ஆகியவற்றைப் பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவோம். பணம் போன பிறகு கேட்டால் விற்றவருக்கு நம் எண் மறந்துவிடும். ஒப்பந்தப்படி மிளகு போன்ற விளைபொருளுக்கு முழுக்க அந்நாட்டிலேயே விளைந்தது என்று காட்டினால் போதும். ஆலைப் பொருள்களுக்கோ 35 சதவீத உள்நாட்டு மதிப்புக் கூட்டல், இந்திய மூலப்பொருள் குறைந்தது 10 சதவீதம் கலந்திருந்தால் 25 சதவீதம், அதோடு வகைப்பாட்டு மாற்றம் என்று கணக்கு நீளும். என்னைப் போன்றவர்கள் விளைபொருளோடு நின்றுகொள்வது நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

2022ஐப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அந்த ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் 30,000 டாலர் மதிப்புள்ள மிளகாய் வற்றலை, ஆவணத்துக்கு எதிராகப் பணம் என்ற முறையில் அனுப்பியிருந்தேன். வியாபாரி கொழும்பில் தன் வங்கிக்குப் பணம் கட்டினால்தான் வங்கி ஆவணங்களைக் கொடுக்கும். ஆவணம் இருந்தால்தான் சரக்கை எடுக்க முடியும். பாதுகாப்பான முறை என்றே நானும் நினைத்திருந்தேன். வியாபாரி சொன்ன சொல் தவறாதவர். ஒரு டாலருக்கு 203 இலங்கை ரூபாய் வீதம் 60 லட்சத்து 90 ஆயிரத்தை வங்கியில் உடனே கட்டிவிட்டார். "அண்ணன், நான் காசு கட்டிட்டன். வங்கியில டொலர் இல்லையாம். அவங்களுக்குக் கிடைச்சாத்தான் உங்களுக்கு அனுப்புவாங்களாம்" என்றார். நாட்டில் டாலர் தீர்ந்துகொண்டிருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் உணவுப்பொருள் ஏற்றிய கொள்கலன்கள் நூற்றுக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. என்னுடையதும் அவற்றில் ஒன்று. மார்ச் 7க்குப் பிறகு மத்திய வங்கி நாணயத்தைப் பிடித்து வைப்பதைத் தளர்த்தியதும் ரூபாய் சரிந்து, அந்த மாத இறுதியில் டாலர் 300ஐத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது.

இப்போது வங்கி வியாபாரியிடம் கேட்டது 90 லட்சம். அவர் கட்டியதற்கும் கேட்டதற்கும் இடையே 29 லட்சத்து 10 ஆயிரம். நான் கட்டிய நாளின் வீதம்தான் செல்லும் என்றார் அவர். நாங்கள் டாலர் மாற்றித் தரும் நாளின் வீதம்தான் செல்லும் என்றது வங்கி. என் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. டாலரில் விலை எழுதிவிட்டால் நாணய ஆபத்து நம்மைத் தொடாது என்று பாடம் படித்தவன் நான். வாங்குபவரை முறிக்கும் ஆபத்து விற்பவரையும் தொடாமல் போகாது என்பதை அந்தப் பாடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. சரக்கைத் திருப்பி எடுக்கலாமென்று கணக்குப் போட்டேன். கப்பல் நிறுவனத்துக்குத் தாமதக் கட்டணம், துறைமுகத்துக்குத் தாமதக் கட்டணம், இரு கரையிலும் சுங்க நடைமுறை, மறுபடியும் பூச்சிப் புகையூட்டல் எல்லாம் சேர்ந்து சரக்கின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மேலும், பூட்டிய கொள்கலனில் இரண்டு மாத வெக்கையில் கிடக்கும் வற்றல் நிறம் மங்கத் தொடங்கும். பூஞ்சை பிடித்தால் நச்சுப் பரிசோதனையில் மொத்தமும் தோற்றுவிடும். ஆகவே பேசினோம். நான் 2,500 டாலர் குறைத்துக்கொண்டேன், மீதி வித்தியாசத்தை அவர் தாங்கினார். பணம் மூன்று தவணைகளில் ஜூலைக்குள் வந்து சேர்ந்தது. ஏற்றுமதிப் பணம் ஒன்பது மாதத்துக்குள் வந்தாக வேண்டும் என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. குறைத்த தொகைக்குக் காரணம் எழுதி, கடிதப் போக்குவரத்தையும் வைத்து, என் வங்கியிடம் முன்கூட்டியே விண்ணப்பித்ததால் அந்தக் கணக்கும் சிக்கலின்றி முடிந்தது. பணம் வராதபோது வங்கியிடமிருந்து ஒளிவதுதான் பலரும் செய்யும் தவறு. நாமே முதலில் போய்ச் சொன்னால் அவர்களுக்கு அதற்கான வழி தெரியும்.

அந்த வியாபாரியோடு இன்றும் வணிகம் செய்கிறேன். அவர் நினைத்திருந்தால் சரக்கு எனக்கு வேண்டாம் என்று கைகழுவியிருக்கலாம். கைகழுவியவர்கள் அந்த ஆண்டு நிறைய பேர். ஆனாலும் நம்பிக்கையையும் ஒப்பந்தத்தையும் நான் இப்போது குழப்பிக்கொள்வதில்லை. மூன்றில் ஒரு பங்கு முன்பணம் இல்லாமல் கொள்கலன் நகராது. வங்கிக்கு உள்நாட்டுப் பணம் கட்டிய பிறகு அது டாலராகும்வரை ஏற்படும் வீத மாற்றத்தை வாங்குபவரே ஏற்கிறார், ஆனால் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் இருவரும் பாதிப்பாதி என்று எழுதியிருக்கிறோம். இந்திய ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீட்டை, அதுவரை வீண் செலவு என்று தள்ளிவந்த நான், எடுக்கத் தொடங்கினேன். வாங்குபவர் முறிவதற்கு மட்டுமின்றி, நாடு பணத்தை வெளியே விட முடியாமல் போவதற்கும் அதில் காப்பு உண்டு. 2022 ஜூலை 11இல் ரிசர்வ் வங்கி இந்திய ரூபாயிலேயே பன்னாட்டு வணிகக் கணக்கை முடிக்க வழிசெய்தது. ஓரிரு சரக்குகளை அப்படியும் அனுப்பிப் பார்த்தேன். எனக்கு அது வசதிதான், கொள்முதலும் ரூபாய், வரவும் ரூபாய். வாங்குபவருக்கோ அவருடைய வங்கியில் இந்திய ரூபாய் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் டாலருக்கு நின்ற வரிசையில் இதற்கும் நிற்க வேண்டியதுதான்.

மறுபடி வெங்காயத்துக்கே வருகிறேன். 2024 மே 4 அன்று தடை நீங்கியபோது டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத ஏற்றுமதித் தீர்வையும் இருந்தன. செப்டம்பரில் குறைந்தபட்ச விலை போய், தீர்வை 20 சதவீதமாயிற்று. 2025 மார்ச் 22 அன்று, ஏப்ரல் 1 முதல் தீர்வையே இல்லை என்று அரசு அறிவித்தது. சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பில் பெரிய வெங்காயத்துக்குத் தேவை கூடும். என் வியாபாரிக்கோ மார்ச் இறுதிக்குள் சரக்கு வேண்டும். ஏற்றுமதித் தீர்வையில் செல்லும் தேதி, ஷிப்பிங் பில் தாக்கலான நாள் அல்ல. சரக்கை ஏற்றலாம் என்று சுங்க அதிகாரி ஆணையிடும் நாள். இதை அவருக்கு விளக்கி, நான்கு நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். "புறக்கோட்டையில எல்லாரும் இறக்குறாங்க அண்ணன், நான் மட்டும் பார்த்துக்கொண்டு நிக்கிறதா?" என்றார். சேமிக்கும் தீர்வையில் பாதியை விலையில் குறைப்பதாகச் சொன்னதும் சம்மதித்தார்.

மார்ச் 30 மாலை கொள்கலன் நிலையத்துக்குள் போயிற்று. 31 ரம்ஜான். ஏப்ரல் 1 வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள். ஆனால் தீர்வை கட்ட வேண்டியதில்லை என்பதால் அது நம்மைப் பாதிக்காது என்று ஏஜென்ட் சிரித்தார். ரீஃபருக்கு இரண்டு நாள் மின் இணைப்புக் கட்டணம் ஏறியது. சரக்கின் மதிப்பு பன்னிரண்டு லட்சம், 20 சதவீதம் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம்; அதன் முன்னால் அந்தக் கட்டணம் ஒன்றுமில்லை. ஏப்ரல் 1, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஏற்றுமதி ஆணை கணினியில் விழுந்தது. தேதி தெரியும்படி அந்தத் திரையைப் படமெடுத்து வியாபாரிக்கு அனுப்பினேன். கப்பல் எப்போது என்று மட்டும் கேட்டிருந்தார். மறுநாள் இரவு என்று பதில் போட்டுவிட்டு, தாவர நலச் சான்றிதழின் நகல் மின்னஞ்சலில் போய்விட்டதா என்று இன்னொரு முறை திறந்து பார்த்தேன்.